மூன்றாவது பொத்தான் போன வழி

எங்கள் வீட்டுக் கூடத்தில் மாதா படத்துக்குக் கீழே மாமாவின் படம் மாட்டியிருக்கும். மாதாவுக்கு ஏற்றுகிற மெழுகுவர்த்தியின் வெளிச்சத்தில் பாதி மாமாவுக்கும் கிடைக்கும். பிரெஞ்சுப் பட்டாளத்துச் சட்டை, கழுத்துவரை பித்தளைப் பொத்தான், தலையில் கேப்பி தொப்பி, முறுக்கிவிட்ட மீசை. ஒரு கை இடுப்பில் இருக்கும். இன்னொரு கை முக்காலி மேல் வைத்த பூத்தொட்டியைப் பிடித்திருக்கும். சண்டைக்குப் போன மனிதர் பூத்தொட்டியை எதற்குப் பிடித்துக்கொண்டு நிற்கிறார் என்று புதுச்சேரியில் ஒருவரும் கேட்டதில்லை. அப்போதெல்லாம் படம் என்றால் பூத்தொட்டி உண்டு.

தெருவில் எங்கள் வீட்டைச் சொல்தா வீடு என்பார்கள். சிப்பாய்க்குப் பிரெஞ்சில் அப்படிச் சொல்வது. தண்ணீர் பிடிக்கிற இடத்தில்கூட, "சொல்தா வூட்டுப் பொண்ணு வந்திருக்குது, வழி வுடுங்க" என்று சொல்லி எனக்கு இடம் கொடுப்பார்கள். நானும் குடத்தை வைத்துவிட்டு அவசரப்படாமல்தான் நிரப்புவேன். அந்தக் கௌரவத்தை நான் ஒருநாளும் குறைத்துக்கொண்டதில்லை.

என்னைப் பெற்றவர்கள் நான் கைக்குழந்தையாக இருக்கும்போதே பேதியில் போய்விட்டார்கள். அம்மாவின் அண்ணன்தான் என்னை எடுத்து வளர்த்தார். அந்த மாமாவும் நான் பெரிய மனுஷியான வருஷம் போய்ச் சேர்ந்துவிட்டார். அதற்குப் பிறகு வீட்டில் நானும் அத்தையும்தான். அத்தை என்றால் மாமாவின் பெண்சாதி. கோயிலுக்குப் பீடத்துணி தைத்துக் கொடுத்துக் குடும்பம் நடத்தினாள். கன்னியாஸ்திரிகள் பள்ளிக்கூடத்தில் கொஞ்ச நாள் உட்கார்ந்ததில் எனக்கு எழுத்துக் கூட்டத் தெரியும். அத்தைக்கு அதுவும் தெரியாது. ஆனால் அவள் வாய்க்கு முன்னால் படித்தவர்கள் நின்று நான் பார்த்ததில்லை.

மாமாவின் படத்தைப் பற்றி வீட்டோடு இருந்த ஒரு ரகசியத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன். படத்தில் இருந்த முகம் மாமாவுடையது. சட்டை ஸ்டூடியோக்காரருடையது.

மாமா ஜெர்மன்காரனோடு நடந்த சண்டைக்குப் போனது நிஜம். கப்பலேறிப் போனார், கப்பலில் திரும்பி வந்தார். ஆனால் பட்டாளத்தில் கொடுத்த சட்டையையும் தொப்பியையும் அக்கரையிலேயே திருப்பி வாங்கிக்கொண்டார்களாம். துறைமுகத்தில் இறங்கும்போது வெறும் மல்லுச்சட்டையும் ஒரு தகரப் பெட்டியும்தான். இதை அத்தையால் தாங்க முடியவில்லை. புருஷன் சண்டைக்குப் போய் வந்ததற்கு வீட்டில் ஓர் அடையாளம் வேண்டாமா? பெரிய மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு போட்டோ ஸ்டூடியோ இருந்தது. அங்கே ஆணியில் ஒரு பட்டாளத்துச் சட்டை தொங்கும், சண்டையிலிருந்து வந்தவர்கள் போட்டுக்கொண்டு படம் எடுத்துக்கொள்ளலாம் என்று யாரோ சொல்ல, மாமாவை அங்கே இழுத்துக்கொண்டு போனாள்.

சட்டை மெலிந்த ஆளுக்குத் தைத்தது. மாமாவோ போனபோது இருந்ததைவிட இரண்டு சுற்றுப் பெருத்து வந்திருந்தார். சண்டைக்குப் போனவர் எப்படிப் பெருத்து வந்தார் என்று அத்தை அன்றைக்கு யோசிக்கவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொன்னார் ஸ்டூடியோக்காரர். மாமா பிடித்தார். கறுப்புத் துணிக்குள் அவர் தலையை விட்ட நேரம் பார்த்து மாமாவால் முடியாமல் போய்விட்டது. வயிற்றுக்குமேல் இருந்த மூன்றாவது பொத்தான் 'டப்' என்று தெறித்துப் பறந்தது. படமும் அப்போதுதான் பதிந்தது.

ஸ்டூடியோக்காரர் திட்டிக்கொண்டே தரையெல்லாம் தேடினார், பூத்தொட்டியைக்கூடக் கவிழ்த்துப் பார்த்தார், கிடைக்கவில்லை. வீட்டுக்கு வந்து அத்தை புடவையை உதறியபோது கொசுவத்திலிருந்து உருண்டு விழுந்தது. நங்கூரம் பொறித்த பித்தளைப் பொத்தான். திருப்பிக் கொண்டுபோய்க் கொடுக்க அத்தைக்கு மனம் வரவில்லை. "அவரு பேசின பேச்சுக்கு அவருக்கு எதுக்குடி பொத்தான்?" என்று செபமாலை வைக்கிற தகர டப்பாவில் போட்டுவிட்டாள். படத்தில் தெரிந்த இடைவெளியை மறைக்க ஒவ்வொரு குருத்து ஞாயிறும் கோயிலில் கொடுக்கிற ஓலைச் சிலுவையைச் சட்டத்தில் செருகி வைப்பாள். பார்க்கிறவர்களுக்குப் பக்தியாகத் தெரியும்.

இப்படி இருக்கும்போதுதான் எனக்குச் சம்பந்தம் வந்தது. கோயில் உபதேசியார் கொண்டுவந்தார். மாப்பிள்ளை முதலியார்பேட்டை, பஞ்சாலையில் இயந்திரத்துக்கு எண்ணெய் போடுகிற வேலை. மாதா சப்பரம் வரும்போது முன்கொம்புக்குத் தோள் கொடுப்பவர் அவர்தான் என்று உபதேசியார் சொன்னதும் எனக்குத் தெரிந்துவிட்டது. போன திருவிழாவில் சப்பரம் எங்கள் தெருமுனையில் பள்ளத்தில் இறங்கிச் சாய்ந்தபோது, வாயைத் திறந்து ஒரு சத்தம் போடாமல் தோளாலேயே நிமிர்த்தியவர். அந்தத் தோள் எனக்குப் பிடித்திருந்தது. இந்த வயதில் அதைச் சொல்ல எனக்கு என்ன வெட்கம்?

"எல்லாம் பொருந்தி வருது. ஆனா பையனோட அப்பா ஒரு மாதிரி" என்று இழுத்தார் உபதேசியார்.

"எந்த மாதிரி?" என்றாள் அத்தை.

"அவரும் சண்டைக்குப் போன சொல்தா. மூத்த மருமவளையே சொல்தா வூட்லதான் எடுத்தாரு. இங்கயும் அதுக்குத்தான் ஒத்துக்கிட்டாரு. ஆனா உங்க வூட்டுக்காரரு எந்தப் படைன்னு தெரியணுமாம். படையில நாலஞ்சு விதம் இருக்குதாம். வந்து படத்தப் பாத்து, படையைத் தெரிஞ்சிக்கிட்டுதான் பாக்கு மாத்துவாராம்."

"எங்க வூட்டுக்காரரு துப்பாக்கி புடிச்ச படை."

"எல்லாப் படையிலயும் துப்பாக்கிதாம்மா புடிப்பாங்க."

அவர் போன பிறகு அத்தை மாமாவின் படத்துக்கு முன்னால் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "ஒரு வார்த்த சொல்லிட்டுச் செத்திருக்கக் கூடாதா? ஊரு ஊரா ரொட்டி வெல என்னான்னு சொன்னியே, எந்தப் படைன்னு சொன்னியா?" என்று படத்தைக் கேட்டாள். மாமா பூத்தொட்டியைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றார்.

அத்தைக்கு இருந்த பயம் எனக்கும் வந்துவிட்டது. சட்டை இரவல் என்று அந்த மனிதர் கண்டுபிடித்தால், சண்டைக்குப் போனதே பொய் என்பார். அப்புறம் சம்பந்தமும் இல்லை, தெருவில் சொல்தா வீடு என்ற பேரும் இல்லை.

அதனால் அவர் வருவதற்குள் படையை நாங்களே கண்டுபிடித்துவிடப் பார்த்தோம். மாமாவின் சட்டைக் கழுத்தில் ஓர் எண் தைத்திருந்தது. முதல் எண் நிழலில் போய்விட்டது. இரண்டாவது எண் கொக்கு நிற்கிற மாதிரி இருந்தது. உபதேசியார் கண்ணாடியை மாட்டிப் பார்த்து இரண்டு என்றார். எதிர்வீட்டில் ஓய்வுபெற்ற போலீஸ்காரர் இருந்தார், அவர் மூன்று என்றார். இரண்டு பேரும் எங்கள் கூடத்திலேயே நின்று சண்டை போட்டார்கள்.

"எட்டாங்கிளாஸ் படிச்சிருக்கேன், எனக்கு ரெண்டு தெரியாதா?" என்றார் உபதேசியார்.

"நான் தொப்பியில நெம்பரு போட்டுக்கிட்டு வேல பாத்தவன். உங்க கோயில் சக்கிறீஸ்து ரூம்ல இன்னா நெம்பரு இருக்குது?" என்றார் போலீஸ்காரர்.

அது எந்த எண்ணாக இருந்தாலும் மாமாவின் எண் இல்லை என்பது அத்தைக்கும் எனக்கும் தெரியும். ஆனாலும் அத்தை ஒன்றும் தெரியாத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "ரெண்டோ மூணோ, பக்கத்துப் பக்கத்துலதான இருந்திருப்பாங்க" என்று சமாதானம் செய்துவைத்தாள்.

இன்னொரு படமும் இருந்தது. அதை மாமா தகரப் பெட்டியில் கொண்டுவந்திருந்தார். ஒரு பெரிய கொட்டகைக்கு முன்னால் கும்பலாக ஆட்கள் நிற்கிறார்கள். முகமெல்லாம் கடுகு அளவு. படம் எடுக்கும்போது மாமா தலையைத் திருப்பிவிட்டதால் அவர் முகம் இழுத்துவிட்ட சந்தனம் மாதிரி இருக்கும். அப்படித் திருப்பியவர்கள் அந்தப் படத்தில் இரண்டு பேர். அத்தை ஒருநாள் இதுதான் மாமா என்பாள், கோபமாக இருக்கிற நாளில் அதுதான் என்பாள். ஓரத்தில் ஆள் உயரத்துக்கு ஓர் அண்டா தெரியும். பீரங்கிக்கு மருந்து கரைக்கிற அண்டா என்று அத்தை சொல்லியிருந்தாள். நானும் நம்பியிருந்தேன்.

மாப்பிள்ளையின் அப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து புஸ்புஸ் வண்டியில் வந்து இறங்கினார். பின்னாலிருந்து ஆள் தள்ளுகிற வண்டி அது. வெள்ளைக் கோட்டு, கையில் பிரம்பு, தலையில் தொப்பி. கூடத்துக்குள் வந்ததும் எங்களைப் பார்க்கவில்லை. தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு மாமாவின் படத்துக்கு விறைப்பாக ஒரு சலாம் வைத்தார். கதவுக்குப் பின்னால் நின்ற எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவ்வளவு மரியாதை.

பிறகு கோட்டுப் பையிலிருந்து பட்டுத்துணி சுற்றிய பூதக்கண்ணாடியை எடுத்தார். தொப்பியைப் பார்த்தார், தலையை ஆட்டினார். மீசையைப் பார்த்தார், அதற்கும் தலையை ஆட்டினார். கழுத்தில் இருந்த எண்ணுக்கு வந்ததும் தலை நின்றுவிட்டது. இன்னும் கிட்டே போனார். சட்டத்தில் செருகியிருந்த ஓலைச் சிலுவையை ஒற்றை விரலால் ஒதுக்கினார்.

மூன்றாவது பொத்தான் இருக்கவேண்டிய இடத்தைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் நின்றார். காது இரண்டும் சிவந்துபோயின. ஓலையை முன்பு இருந்த மாதிரியே மூடி வைத்தார். பூதக்கண்ணாடியைப் பட்டுத்துணியில் சுற்றாமலே பையில் போட்டார்.

"காப்பி சாப்பிடுங்கண்ணா" என்றாள் அத்தை.

"வயிறு சரியில்லம்மா" என்று சொல்லிக்கொண்டே வெளியே போனவர், தொப்பியைத் தலையில் வைக்கக்கூட மறந்துவிட்டார்.

அத்தை அன்றைக்கெல்லாம் சோறு சாப்பிடவில்லை. "கண்டுபுடிச்சிட்டாருடி. இரவல் சட்டைன்னு கண்டுபுடிச்சிட்டாரு" என்று சொல்லிச் சொல்லி மாய்ந்தாள். நான் பீடத்துணிக்கு ஓரம் அடித்துக்கொண்டே அந்தச் சப்பரத்தை நினைத்துக்கொண்டிருந்தேன். ஓரம் கோணலாகப் போய், மறுபடி பிரித்துத் தைத்தேன்.

மறுநாள் உபதேசியார் வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"வேணாங்கிறாரும்மா. கழுத்துல இருக்கிறது அவரோட படை நெம்பராம். அந்தப் படையில இருந்த நம்ம ஊரு ஆளுங்க அத்தினி பேரும் அவருக்குத் தெரியுமாம். உங்க வூட்டுக்காரர அவரு பாத்ததே இல்லியாம். பொய்க்காரங்க வூட்ல பொண்ணு எடுக்க மாட்டாராம்."

அத்தை தலை குனிந்தாள். நான் அவளை அப்படிப் பார்த்ததில்லை. உபதேசியாருக்கும் பாவமாகப் போயிருக்கும். ஆறுதலாக ஏதாவது சொல்லவேண்டும் என்று தொடங்கினார்.

"அவரு சாதாரண ஆளாம்மா? அவரு கூடத்துல படம் மாட்டியிருக்குது பாருங்க, வர்ணம் தீட்டின படம். உயிர் பொழச்சி வந்ததே மாதா புண்ணியம். நெஞ்சுக்கு நேரா வந்த ஜெர்மன்காரன் குண்டு, சட்டைப் பொத்தான்ல பட்டு அதைப் பேத்துக்கிட்டுப் போயிடுச்சு. படத்துலயே தெரியும். மூணாவது பொத்தானே இருக்காது."

அத்தையின் தலை மெல்ல நிமிர்ந்தது.

"எத்தினியாவது பொத்தான்?"

"மூணாவது."

"பூத்தொட்டி இருக்குதா?"

"பூத்தொட்டியா? ஆமா, இருக்குது. ஏன் கேக்கறீங்க?"

"சும்மாத்தான்" என்று அவரை அனுப்பிவைத்தாள் அத்தை. உபதேசியார் தெருமுனை திரும்புகிற வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். பிறகு முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள் பாருங்கள், கண்ணில் தண்ணீர் வந்து அடுக்களைச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். "அந்த ஸ்டூடியோவுல இருந்ததே ஒத்தச் சட்டைதாண்டி!" என்றாள்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. சண்டைக்குப் போய் வந்த முக்கால்வாசிப் பேர் அந்த ஒரே சட்டையில்தான் படத்துக்கு நின்றிருக்கிறார்கள். ஊர் முழுக்க அது வழக்கம். ஆனால் ஒவ்வொரு வீட்டிலும் தங்கள் வீட்டுப் படம் மட்டும்தான் அப்படி என்று நினைத்துப் பயந்துகொண்டு, பக்கத்து வீட்டுப் படத்துக்குச் சலாம் வைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

அத்தை பெட்டிப் புடவையை எடுத்துக் கட்டினாள். இரண்டு படத்தையும் துண்டில் சுற்றிக்கொண்டாள். செபமாலை டப்பாவைத் திறந்து பொத்தானை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். முதலியார்பேட்டைக்கு நடந்தே போனாள். கல்யாணப் பெண் கூடப் போகக்கூடாது. ஆகையால் அந்த வீட்டில் நடந்ததை அத்தை வாயாலும், அங்கே உள்ளறைக் கதவுக்குப் பின்னால் நின்றிருந்த மாப்பிள்ளை வாயாலும் பிற்பாடு தனித்தனியாகக் கேட்டேன். இரண்டும் ஒன்றாகவே இருந்தன. அந்த மனிதர் வாசலுக்கு வந்து உள்ளே கூப்பிட்டார் என்று அத்தை சொன்னாள். கூப்பிடுவதற்கு முன்பே அத்தை உள்ளே வந்துவிட்டாள் என்று மாப்பிள்ளை சொன்னார். அது ஒன்றுதான் வித்தியாசம்.

அத்தை உள்ளே போனதும் வர்ணப் படத்தைத்தான் பார்த்தாளாம். அதே கேப்பி, அதே கொக்கு எண், அதே பூத்தொட்டி. சட்டைக்கு மட்டும் நீல வர்ணம், பூவுக்குச் சிவப்பு.

"அண்ணா, அந்தப் பொத்தான் எப்படிப் போச்சு?"

"குண்டு" என்றார் அவர்.

அத்தை துண்டைப் பிரித்து மாமாவின் படத்தை அந்தப் படத்துக்குக் கீழே சுவரில் சாய்த்து வைத்தாள். ஓலைச் சிலுவையை எடுத்துவிட்டாள். "எங்க வூட்டுக்காரருக்கும் அதே எடத்துலதான் பட்டிருக்குது. ஒரே குண்டு ரெண்டு பேரு நெஞ்சுலயும் பட்டு, ரெண்டு பேரும் பொழச்சி வந்திருக்கீங்க. எப்பேர்ப்பட்ட புதுமை! சாமியாருகிட்ட சொல்லி ஒரு பூசை வைக்கலாமா?"

அத்தை முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பொத்தானை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"உங்களச் சுட்டது ஜெர்மன்காரன் இல்லண்ணா. எங்க வூட்டுக்காரரு தொப்ப."

நடந்ததை எல்லாம் சொன்னாள். அந்த மனிதர் கேட்டுக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்தார். கோபத்தில் எழுந்து கத்துவார் என்று கதவுக்குப் பின்னால் நின்றவர் காத்திருந்தாராம். கத்தவில்லை. பொத்தானைக் கையில் எடுத்து உருட்டினார்.

"என்னையும் சட்டையப் புடுங்கிக்கிட்டுத்தான் அனுப்பிச்சாங்க, தங்கச்சி" என்றார். "ஆனா நான் போனது நெசம்."

"எங்களுது மட்டும் பொய்யா? நீங்கதான பொய்க்காரங்க வூடுன்னு சொல்லி அனுப்பிச்சீங்க?"

அவர் பொத்தானை மேசைமேல் வைத்தார். சுவரில் சாய்ந்திருந்த படத்தைப் பார்த்தபடி, "சட்டை எனக்குத் தெரியும். ஆளைத் தெரியலியே. வேற படம் இருக்குதா?" என்று கேட்டார்.

அத்தை கும்பல் படத்தைக் கொடுத்தாள். அவர் பூதக்கண்ணாடியை வைத்து முகம் முகமாகப் பார்த்தார். இழுத்துவிட்ட முகம் இரண்டிலும் ஒன்றும் தெரியவில்லை. கண்ணாடி ஓரத்துக்குப் போனது. அப்புறம் அங்கேயே நின்றுவிட்டது.

"இந்த அண்டா!" என்றார். "இது கப்பல் எறங்கின துறைமுகத்துக் கொட்டகை ஆச்சே. அங்கதான் நம்ம ஆளுங்க அத்தினி பேரையும் மொதல்ல கொண்டாந்து போட்டாங்க. நம்ம ஊருக்காரன்ல இந்த அண்டாவுல சாப்புடாதவன் கெடையாது. வெள்ளக்காரன் சூப்பு, உப்பு ஒறப்பு இருக்காது. நாக்கு செத்துப்போவும். அங்க ஒரு ஆளு, நம்ம ஆளு, கொஞ்சம் பூசினாப்புல இருப்பாரு. தமிழ்ல பேசினா போதும், இடுப்புலேர்ந்து ஒரு சின்னத் துணிப்பைய எடுத்து, யாரும் பாக்காம நம்ம தட்டுல மட்டும் மொளகாத்தூளு போடுவாரு. நான் தட்டப் பாத்தேனே தவிர, அவரு மூஞ்சியச் சரியாப் பாக்கல."

"என்ன துணி?" என்றாள் அத்தை.

"ஊதாவுல வெள்ளப் புள்ளி."

அத்தை சுவரில் சாய்ந்துகொண்டாளாம். அது அவளுடைய ரவிக்கைத் துணி. கப்பலேறும்போது மாமா கையில் அவளே தைத்துக் கொடுத்த பை. வறுத்து இடித்த தூள். அதை இந்தப் பிறவியில் அவள் வேறு யாரிடமும் சொன்னதில்லை.

அந்த மனிதர் கண்ணைத் துடைத்தார். அத்தையும் துடைத்தாள். பிறகு அவளுக்கு வேறொன்று உறைத்தது.

"அப்ப அவரு அங்க சமையலா பண்ணிக்கிட்டு இருந்தாரு?"

"பெரிய சமையலுக்கு அவருதான் எல்லாம்."

"அடப்பாவி மனுஷா!" என்று அத்தை மாமாவின் படத்தைப் பார்த்துக் கத்தியதில் தெருவில் போனவர்கள் எட்டிப் பார்த்தார்களாம். "பட்டாளத்துக்கே ஆக்கிப் போட்டுட்டு வந்து, எனக்குக் காய்ச்சல்ல ஒரு கஞ்சி வெச்சிக் குடுக்கலியே! அடுப்பு எந்தப் பக்கம் இருக்குதுன்னு கேட்டியே!"

அதற்குத்தான் அந்த மனிதர் சிரித்தாராம். சிரித்து முடித்ததும் உள்ளே திரும்பி, "பாக்கு எங்க இருக்குது? எடுத்துட்டு வா" என்றார். கதவுக்குப் பின்னால் நின்றவர் ஓடிப்போய் எடுத்துவந்தார். மாப்பிள்ளையே பாக்குத் தட்டு தூக்கியது எங்கள் கல்யாணத்தில் மட்டும்தான் இருக்கும்.

"பொத்தான் விஷயம் உங்க வாயோட இருக்கட்டும், தங்கச்சி."

"சமையல் விஷயம் உங்க வாயோட இருக்கட்டும், அண்ணா" என்றாள் அத்தை. பொத்தானை மறுபடி முந்தானையில் முடிந்துகொண்டாள். அவர் கேட்டும் கொடுக்கவில்லை.

அந்த வருஷமே கல்யாணம் நடந்தது. பந்தலில் எங்கள் மாமாவும் தானும் ஒரே படை என்று மாமனார் ஊரறியச் சொன்னார். எதிர்வீட்டுப் போலீஸ்காரர் படை எண் என்ன என்று கேட்டதற்கு, அதை வெளியில் சொல்லக்கூடாது என்று அரசாங்க உத்தரவு என்றார். வாயடைத்துப்போன போலீஸ்காரருக்கு உபதேசியார் சந்தோஷமாகப் பாயசம் ஊற்றினார்.

மாமனார் வெகுகாலம் இருந்தார். வீட்டுக்கு யார் வந்தாலும் சண்டைக்கதை உண்டு. முன்பு அதில் அவர் ஒருவர்தான் இருப்பார். அதற்குப் பிறகு எங்கள் மாமாவும் இருந்தார். வருஷம் போகப் போக மாமா மலையேறினார், ஆற்றை நீந்தினார், ஒருமுறை பீரங்கியையே தோளில் தூக்கினார். அத்தைக்கு அந்தக் கதையெல்லாம் பிடிக்கும். வெற்றிலையை மென்றுகொண்டு புதிதாகக் கேட்கிற மாதிரி கேட்பாள். ஆனால் கதை நெஞ்சுக்கு நேரே குண்டு வருகிற இடத்துக்கு வந்தால் மாமனார் பேச்சை நிறுத்திவிட்டு அவளைத்தான் பார்ப்பார்.

அத்தை முந்தானையைத் தடவிவிட்டுக்கொள்வாள். "சொல்லுங்க சம்பந்தி, அந்தப் பொத்தான் எப்படிப் போச்சு?"

மாமனார் தொண்டையைச் செருமிக்கொள்வார்.

"அது உங்க வூட்டுக்காரருக்குத்தாம்மா தெரியும். எனக்கு முன்னாடி நின்னவரு அவருதான்."